கெல்டிக் முடிச்சு செதுக்கும்போது மேலே, மறுபடியும் மேலே: எங்கே தப்பினேன்?

மழைக்கார்டிஃப்

வணக்கம். மூன்று வருடமாக இந்த மரவேலைப் பகுதியை வாசிப்பதோடு சரி. இன்று எழுதுவதற்குக் காரணம், நன்றாக மாட்டிக்கொண்டேன்.

நான் இருப்பது கார்டிஃபில். கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவர் அம்மா வழியில் அயர்லாந்து. கடையில் வாங்கித் தர மனமில்லாமல் ஒரு சின்னப் பெட்டி செய்து மூடியில் கெல்டிக் முடிச்சு (கயிறுகள் ஒன்றின் மேலும் கீழுமாகப் பின்னிப் போகும் அலங்காரம்) செதுக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

மரம் லைம். மூடி 150க்கு 100 மி.மீ., தடிமன் 12. குறுக்கே 9, கீழே 6 கட்டம், ஒரு கட்டம் 14 மி.மீ. கயிற்றின் அகலம் 6, நடுவில் கிடைக்கும் இடைவெளி ஏறக்குறைய 4. கிராஃப் தாளில் வரைந்து, கார்பன் பேப்பர் வைத்து மரத்தில் இறக்கினேன். இடது பாதியில் மட்டும் கயிற்றுக்கு நடுவே உள்ள தரையை 3 மி.மீ. ஆழத்துக்கு எடுத்துவிட்டேன். வலது பாதி இன்னும் பென்சில் கோடுதான். படம் இணைத்திருக்கிறேன்.

இரண்டு கயிறு ஒன்றையொன்று கடக்கும் இடத்தைச் சுருக்கமாகக் 'குறுக்கு' என்கிறேன். ஒரு குறுக்கில் கயிறு மேலே போனால் அடுத்ததில் கீழே போக வேண்டும். பென்சிலால் கயிற்றைத் தொடர்ந்தே போய் மே, கீ, மே, கீ என்று குறித்து வந்தேன். இருபது குறுக்கு செதுக்கியும் முடித்தாயிற்று. நேற்று இரவு பார்த்தால் ஒரே கயிறு அடுத்தடுத்த இரண்டு குறுக்கிலும் மேலே போகிறது. வரைபடமே தப்பா, நான் குறித்தது தப்பா?

இரண்டாவது கேள்வி: கல்யாணத்துக்கு என்பதால் முடிவே இல்லாத ஒரே கயிறாக வர வேண்டும் என்று ஆசை. எண்ணிப் பார்த்தால் மூன்று கயிறு இருக்கிறது.

உளிச்சத்தம்

படம் பார்த்தேன். உளி பிடிச்ச கை தெரியுது, நல்லா இருக்கு. கேள்விக்கு அப்புறம் வாரேன். எலுமிச்சை மரத்துல 100 மி.மீ. அகலத்துக்குப் பலகை எங்கே தம்பி கெடச்சுது? முப்பது வருசமா பட்டறையில கெடக்கேன், நான் பார்த்ததில்லை.

மழைக்கார்டிஃப்

அண்ணே, சிரித்துவிட்டேன். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இது எலுமிச்சை இல்லை. இங்கே சாலையோரம் நிற்கும் பெரிய மரம், இதயம் போல இலை. அதற்கு இந்த ஊரில் லைம் என்று பெயர். லிண்டன் என்றும் சொல்வார்கள். அமெரிக்கா, கனடாவில் இதன் உறவுக்கார மரம் பாஸ்வுட். வெளிர் நிறம், நார் ஓட்டம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நெருக்கம், எந்தப் பக்கம் வெட்டினாலும் ஓரளவு சொன்னபடி கேட்கும். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் கிரின்லிங் கிப்பன்ஸ் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கிய பூவும் பழமும் இந்த மரம்தான்.

புள்ளிக்கணக்கு

தம்பி, வரைபடம் தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை. கோடு எப்படி வேண்டுமானாலும் சுற்றி வரட்டும்; ஒரு குறுக்கில் இரண்டு கோடு மட்டும் கடந்து, எல்லாக் கோடும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால், மேலே கீழே மாறி மாறிக் கட்டாயம் அமையும். கணிதத்தில் நிரூபித்த விஷயம். ஆகவே குறித்த கைதான் எங்கோ சறுக்கியிருக்கிறது.

கண்டுபிடிக்கக் கயிற்றைத் தொடர வேண்டாம். அது தலைசுற்றல். வரிசையாகப் பாருங்கள்.

உங்கள் மூடியில் 93 குறுக்கு இருக்கிறது. அவை மேலிருந்து கீழே 11 வரிசையாக விழும்: 8, 9, 8, 9 என்று மாறி மாறி. முதல் வரிசையும் கடைசி வரிசையும் 8. எண்ணிப் பாருங்கள், ஆறு எட்டு 48, ஐந்து ஒன்பது 45.

முதல் வரிசையில் வலப்பக்கம் சாய்ந்து ஏறும் கயிறு மேலே என்றால், அந்த எட்டுக் குறுக்கிலும் வலச்சாய்வுக் கயிறுதான் மேலே. இரண்டாம் வரிசையில் ஒன்பதிலும் இடச்சாய்வுக் கயிறு மேலே. மூன்றில் மறுபடி வலச்சாய்வு. இவ்வளவுதான் விதி. ஸ்கேலை ஒவ்வொரு வரிசைக்கும் நகர்த்தி வைத்துப் பாருங்கள். கூட்டத்தோடு சேராமல் திரும்பி நிற்பதுதான் திருடன்.

மழைக்கார்டிஃப்

அக்கா, ஐந்து நிமிடம் ஆகவில்லை. 5, 6, 7ஆம் வரிசைகளில் ஒவ்வொன்று. மூன்றும் ஒரே சாய்கோட்டில் அடுத்தடுத்து. எட்டாவது வரிசையில் ஏற்கெனவே குறித்திருந்த குறுக்கில் போய் முட்டியதால்தான் வெளியே தெரிந்தது.

எப்போது நடந்தது என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணினார். பேசி முடித்துவிட்டுப் பென்சிலை எடுத்தவன் ஒரு குறுக்கைத் தாண்டி ஆரம்பித்திருக்கிறேன்.

5, 6 இன்னும் பென்சில்தான், அழித்துவிட்டேன். 7ஆம் வரிசையில் உள்ளது செதுக்கியாயிற்று. மேலே இருக்க வேண்டிய கயிற்றை 1 மி.மீ. சரித்துவிட்டேன். முழு மூடியையும் இழைப்புளி போட்டு இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதானா?

உளிச்சத்தம்

இழைப்புளியைத் தொடாதே. நில்லு. ராத்திரி விவரமா எழுதுறேன்.

புள்ளிக்கணக்கு

அதுவரை கயிற்று எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம்.

6க்கும் 9க்கும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, இரண்டையும் மீதமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) என்ன? 3. அதனால் மூன்று கயிறு. சும்மா பின்னிக்கொண்டே போகும் செவ்வகப் பின்னலில் கயிற்றின் எண்ணிக்கை எப்போதும் இரண்டு பக்கக் கட்டத்தின் மீ.பொ.வ.தான். 5க்கு 7 எடுத்திருந்தால் ஒரே கயிறு. 4க்கு 6 என்றால் இரண்டு. 6க்கு 6 என்றால் ஆறு.

இது எனக்கு எந்த ஐரோப்பியப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை. மார்கழியில் சிக்குக்கோலம் போட்டுப் போட்டு வந்தது. நேர்ப்புள்ளி 5க்கு 7 வைத்துக் கம்பி இழுத்தால் கை எடுக்காமல் ஒரே கோட்டில் முடியும், 6க்கு 9 வைத்தால் மூன்று முறை கை எடுக்க வேண்டும். கெல்டிக் முடிச்சுக்கும் அடியில் இருப்பது அதே புள்ளிக்கட்டம்தான். நாம் புள்ளியை வாசலில் அப்படியே விடுகிறோம். அவர்கள் வரைந்து முடித்ததும் அழித்துவிடுகிறார்கள். ஒரு பெரிய வித்தியாசம்: நம் கம்பிக்கு மேல் கீழ் கிடையாது, மாவு மாவின் மேல் விழும். அதனால்தான் ஆயிரம் கோலம் போட்ட எனக்கும் முதல் கெல்டிக் முடிச்சில் தம்பிக்கு வந்த அதே குழப்பம் வந்தது.

மூன்றை ஒன்றாக்குவது சுலபம். பென்சிலில் மூன்று கயிற்றுக்கும் மூன்று நிறம் கொடுங்கள். இரண்டு நிறம் சந்திக்கும் ஏதாவது ஒரு குறுக்கில் கடக்கவிடாமல் குறுக்கே ஒரு சின்னச் சுவர் போடுங்கள். கயிறு சுவரில் முட்டி வளைந்து திரும்பிவிடும், இரண்டு நிறமும் ஒரே கயிறாகிவிடும். இதே மாதிரி மூன்றாவது நிறத்தையும் சேருங்கள். இரண்டு சுவர் போதும். ஒரே நிறம் தன்னைத்தானே கடக்கும் இடத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பாதிக்குப் பாதி அது இரண்டாக உடையும்.

சுவர் போட்ட பிறகும் நான் சொன்ன வரிசை விதி அப்படியே நிற்கும். சுவரை வலது பாதியில் வையுங்கள். கயிறு வளையும் இடத்துக்கு மரம் வேண்டும், இடது பாதியில் அந்த மரத்தை நீங்கள் ஏற்கெனவே குழித்துவிட்டீர்கள்.

ஸ்கார்பரோச்செல்வன்

அக்கா, எங்கட பள்ளிக்கூடத்தில அதுக்குப் பேர் பொ.கா.பெ. கணக்குப் பாடம் இப்பதான் உதவுது!

எடின்பரோவாசி

ஒரே கயிறு, முடிவில்லாத அன்பு என்ற பேச்சு வந்ததால் குறுக்கிடுகிறேன். நண்பர் மன்னிக்க வேண்டும்.

இந்த முடிச்சு இந்த அர்த்தம், அந்த முடிச்சு அந்த அர்த்தம் என்று நகைக்கடை அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் அண்மைக் காலத்துச் சரக்கு. இவற்றை வரைந்த துறவிகள் எந்த முடிச்சுக்கும் பொருள் எழுதி வைக்கவில்லை. 'கெல்டிக்' என்ற பெயரே முழுப் பொருத்தம் இல்லை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய கெல்டியர் உலோகத்தில் பொறித்தது பெரும்பாலும் சுருளும் கொடியும். பின்னல் கோலம் அயர்லாந்திலும் வட பிரிட்டனிலும் பரவியது 7ஆம் நூற்றாண்டு வாக்கில், சுவிசேஷ ஏடுகளோடு. அதற்கு முன்பே ரோமானியத் தரை மொசைக்கில் பின்னல் உண்டு, எகிப்தின் காப்டியக் கிறிஸ்தவர்களிடம் உண்டு, ஜெர்மானிய நகைகளில் பாம்பும் பறவையும் பின்னிக்கிடக்கும். பல பக்கத்திலிருந்து வந்த இழைகள் அந்தத் தீவு மடங்களில் ஒன்றாகப் பின்னிக்கொண்டன என்பதே சரி.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் ஏடு கி.பி. 800ஐ ஒட்டியது, 340 தோல் இதழ்கள். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு மூத்தது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் லிண்டிஸ்ஃபார்ன் ஏடு. அதில் அலங்காரப் பக்கங்களின் பின்புறம் கட்டக்கோடும் காம்பஸ் முள் குத்திய துளையும் இன்னும் இருக்கின்றன. புள்ளி வைத்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

இன்று பொழுதுபோக்குக்குச் செதுக்குபவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, இரண்டு பேருக்குக் கடன்பட்டவர்கள். ஒருவர் ரோமிலி ஆலன். ஸ்காட்லாந்தின் பழைய கற்சிலுவைகளை அளந்து பட்டியலிட்டு 1903இல் வெளியிட்டார். சாதாரணப் பின்னலில் அங்கங்கே கோட்டை உடைத்துச் சேர்த்தால் முடிச்சு பிறக்கிறது என்று காட்டியவர் அவர். மேலே அக்கா சொன்ன சுவர் அதுதான். இன்னொருவர் ஓவிய ஆசிரியர் ஜார்ஜ் பெய்ன். அவருடைய செய்முறைப் புத்தகம் 1951இல் வந்தது, இன்றும் அச்சில் இருக்கிறது.

சின்னப் பெட்டி என்பதால் ஒன்று. இங்குள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் மோனிமஸ்க் பேழை இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டு. கூரை வைத்த வீடு போன்ற, கைக்குள் அடங்கும் மரப்பெட்டி, மேலே உலோகத் தகடு போர்த்தியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் விலங்குப் பின்னல் மிக மங்கலாகத் தெரியும். இத்தனை சின்னதில் எதற்கு இத்தனை வேலை என்று தோன்றும். கார்டிஃப் நண்பர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

மழைக்கார்டிஃப்

ஐயா, வரலாறு தெரியாமல்தான் எழுதினேன், நன்றி. ஆனால் கல்யாணப் பெண் அதை அப்படித்தான் நம்புகிறார். அவர் அம்மா கழுத்தில் முக்கோண முடிச்சு தொங்குகிறது. நான் போய் 'இது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு' என்று சொல்ல முடியுமா?

எடின்பரோவாசி

சொல்லாதீர்கள். நான் பரிசுக்கு எதிரி இல்லை. ஆயிரம் வருடப் பழைய அர்த்தம் என்று அட்டை எழுதி ஒட்டாமல் இருந்தால் எனக்குப் போதும்.

ஸ்கார்பரோச்செல்வன்

நான் ஐயாவோட கொஞ்சம் சண்டை பிடிக்கப் போறன். அர்த்தம் எண்டது எழுதி வச்சவனோட முடிஞ்சு போறதே? கார்டிஃப்காரருக்குப் பக்கத்திலயே வேல்ஸ் காதல் கரண்டி இருக்கு. செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில 1667 எண்டு ஆண்டு செதுக்கின கரண்டி ஒண்டு இருக்கு. பெடியன் பெட்டைக்குச் செதுக்கிக் குடுக்கிறது. அதிலயும் சங்கிலிக்கு இந்தப் பொருள், உருண்டைக்கு இந்தப் பொருள் எண்டு ஆக்கள் சேர்த்துக்கொண்டுதான் வருகினம். செதுக்கிறவன் நினைச்சுக் குடுத்தால் அது அர்த்தம்தான்.

எடின்பரோவாசி

கரண்டியில், கொடுத்தவரும் வாங்கியவரும் அர்த்தத்தைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முடிச்சில் கடைக்காரர் மட்டும் பேசுகிறார். அந்த வித்தியாசத்தை நான் விடமாட்டேன். மற்றபடி கரண்டி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

உளிச்சத்தம்

வரலாறு முடிஞ்சுதா? வேலைக்கு வருவோம்.

தம்பி, போன மரம் திரும்ப வராது. ஆனா உயரம்ங்கிறது பக்கத்துல இருக்கிறதைப் பொறுத்துத்தான். உன் குறுக்குல மேலே போக வேண்டிய கயிறு 1 மி.மீ. கீழே போச்சு. சரி, அதை அங்கேயே விடு. கீழே போக வேண்டிய கயிறை இன்னும் கீழே தள்ளு. மேல்மட்டத்துலருந்து 2.5 மி.மீ. வரைக்கும் இறக்கு. தரை 3ல இருக்கு, அதனால இன்னும் அரை மி.மீ. மிச்சம் உண்டு. இப்போ எது மேலே? முதல் கயிறுதான். அது 1 மி.மீ. குழிஞ்சது கண்ணுல படக் கூடாதுன்னா, ரெண்டு பக்கமும் ஒரு குறுக்கு தூரத்துக்கு நிதானமாச் சரிச்சு மேலே கொண்டு வா. திடீர்னு ஏத்துனாத்தான் மேடு பள்ளம் தெரியும்.

இப்போ மத்த குறுக்குக்கு. உன் படத்துல பெரிய குறை ஒண்ணுதான்: கீழே போற கயிறை மேலே போறதுக்குப் பக்கத்துல மட்டும் டக்குனு வெட்டி இறக்கியிருக்கே. படிக்கட்டு மாதிரி இருக்கு. கயிறு அப்படியா போகும்? துணி காயப் போடுற கொடியில இன்னொரு கயிறைத் தொங்கவிட்டுப் பாரு, எங்கேருந்து வளைய ஆரம்பிக்குதுன்னு. ஒரு கயிற்றகலம் முன்னாலயே, அதாவது 6 மி.மீ. முன்னாலயே சரிவு தொடங்கணும்.

முறை இதுதான். மேலே போற கயிறோட ரெண்டு ஓரத்துலயும் நேரா நின்னு அழுத்தி ஒரு வெட்டு. சுத்தியல் வேண்டாம், கை அழுத்தம் போதும். இந்த வெட்டுதான் வேலி. அப்புறம் தட்டையான வளைவு உளியைப் படுக்கப் போட்டு, கீழே போற கயிறோட நடுவுலருந்து வேலியைப் பார்த்துச் சீவு. வேலி இருக்கிறதால உளி அங்கே நிக்கும். வேலி ஆழம் பத்தலைன்னா சீவல் ஒடியாம நார் பிய்ஞ்சு மேல் கயிறோட ஓரத்தையும் சேர்த்து இழுத்துட்டு வரும். அப்படி ஒருக்கா நடந்துதுன்னா அன்னைக்கு உளியை மூடி வச்சிட்டுப் போய்ப் படு.

விளக்கைத் தலைக்கு மேல வைக்காதே. மேசை மட்டத்துக்குப் பக்கவாட்டுல தாழ வை. நிழல் விழுந்தாத்தான் சரிவு தெரியும்.

மழைக்கார்டிஃப்

அண்ணே, கொடிக்கயிறு உதாரணம் உடனே புரிந்தது. சமையலறையில் இரண்டு ஷூ லேஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், மனைவி ஒரு மாதிரி பார்த்தாள்.

இன்னொரு தொல்லை. கயிறு ஓரத்தில் கூர்மையாக மடங்கித் திரும்பும் இடங்களில், நாருக்குக் குறுக்கே நீட்டும் மூலைகள் மட்டும் உதிர்கின்றன. இரண்டு போய்விட்டன.

ஸ்கார்பரோச்செல்வன்

இதில நான் நல்லா அடிபட்டனான். என்ர முதல் பெட்டியில மூண்டு மூலை பறந்தது, ஒண்டு சோபாவுக்குக் கீழ போய்ப் பேந்து கிடைக்கவே இல்லை.

நார் ஓடுற பக்கம் நீட்டுற மூலைக்குப் பலம் இருக்கு. குறுக்க நீட்டுற மூலையில நார் ரெண்டு மூண்டு மி.மீ. நீளம்தான், பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லை. அதால, அந்தப் பக்க மூலைகளைக் கூராக்காமல் கொஞ்சம் உருட்டி விடுங்கோ. பழைய கற்சிலுவைகளிலயும் மழுங்கின மூலை நிறைய இருக்கு, ஒருத்தரும் குறை சொல்லாயினம். வெட்டேக்க மூலை நுனியில தொடங்கி உள்ளுக்கு வாங்கோ, உள்ளுக்கிருந்து நுனிக்குப் போகாதேங்கோ. பறந்த துண்டு கிடைச்சால் உடன ஒரு சொட்டு சூப்பர் குளூ. கோடு தெரியாது.

முதல் கேள்வி ஆனால், உளி கூரா? நான் இணையத்தில வாங்கின பன்னிரண்டு உளிச் செட் ஒண்டும் சாணை பிடிக்காமலே வந்தது. கையில குத்தினாலும் இரத்தம் வராது எண்ட நிலை. தோல் பட்டையில பச்சை மெருகுப் பசை பூசி, இருபது நிமிசத்துக்கு ஒருக்கா பத்து இழுப்பு இழுங்கோ. சோதனை: மென்மரத்தை நாருக்குக் குறுக்க சீவிப் பாருங்கோ. வெட்டின முகம் மினுங்க வேணும். வெள்ளையாப் பொரிஞ்சு போய்க் கிடந்தால் கூர் காணாது.

உப்புத்தாள் போடாதேங்கோ. ஓரமெல்லாம் கரைஞ்சு சோப்புக்கட்டி மாதிரி வந்திடும்.

உளிச்சத்தம்

செல்வன் சொன்னது அத்தனையும் சரி. உப்புத்தாளைப் பத்திச் சொன்னதைச் சட்டம் போட்டு மாட்டணும்.

மழைக்கார்டிஃப்

நான்கு வாரம் கழித்து வருகிறேன். படம் இணைத்திருக்கிறேன்.

7ஆம் வரிசைக் குறுக்கை அண்ணன் சொன்னபடி செய்தேன். எங்கே இருக்கிறது என்று கேட்டு மனைவியிடம் பெட்டியைக் கொடுத்தேன், அவள் காட்டியது வேறு இடம். அங்கே தப்பே இல்லை. இப்போது அந்த இடத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சுவர் இரண்டும் வலது பாதியில். மூன்று நிறப் பென்சில் முறை அப்படியே வேலை செய்தது. 91 குறுக்கு. கடைசி நாற்பது, முதல் இருபதை விட நன்றாக வந்திருப்பதால் மூடியின் இடது பக்கமும் வலது பக்கமும் இரண்டு பேர் செய்தது போல இருக்கிறது. சரிசெய்யப் போனால் இன்னொரு மாதம் ஆகும், விட்டுவிட்டேன்.

மேலே என்ன பூசுவது? ஆளிவிதை எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஸ்கார்பரோச்செல்வன்

மெல்லிசா ஒரு கை, பதினைஞ்சு நிமிசம் விட்டுத் துடைச்சு, அடுத்த நாள் இன்னொரு கை. குழிக்குள்ள தேங்கவிடாதேங்கோ, ஒட்டும். காய்ஞ்ச பிறகு தேன்மெழுகு, பழைய பல்துலக்கியால தேய்ச்சால் இடுக்குக்குள்ள போகும்.

ஒண்டு முக்கியம். எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பையில போடாதேங்கோ. ஆளிவிதை எண்ணெய் காயேக்க சூடு விடும், சுருட்டின துணியில அந்தச் சூடு வெளிய போகேலாமல் தானாத் தீப்பிடிக்கும். கதை இல்லை, உண்மை. விரிச்சு வெளிய காயப் போட்டு, இல்லாட்டித் தண்ணீரில ஊறவச்சுப் போட்டு எறியுங்கோ.

புள்ளிக்கணக்கு

தம்பி, நூலை வைத்துச் சோதித்தீர்களா? நிஜமாகவே ஒரே கயிறா?

மழைக்கார்டிஃப்

இப்போதுதான் ஒரு ஈர்க்குச்சியைக் கயிற்றின் மேலேயே ஓட்டிப் பார்த்தேன் அக்கா. இரண்டு தடவை வழி தவறினேன். மூன்றாவது தடவை தொடங்கிய இடத்துக்கே வந்தது, எல்லாக் குறுக்கையும் இரண்டு இரண்டு முறை தொட்டாயிற்று. ஒன்றுதான்.

துணி வெளியே கொடியில் காய்கிறது. மழை வேறு தூறுகிறது, தீப்பிடிக்க வழியில்லை.

எடின்பரோவாசி

அட்டை எழுதினீர்களா?

மழைக்கார்டிஃப்

மரத்தின் பெயரும் தேதியும் மட்டும், ஐயா. மூடிக்கு உள்பக்கம்.